அரம் போட்ட அச்சு

மலாயாவில் கிள்ளானுக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் ஸ்டோரில், கித்தா என்ற ரப்பர் ஷீட்டுகளை மிசின் உருளைக்குள் கொடுப்பது மாரியாயியின் வேலை. 1927 தைப்பூசம் முடிந்ததிலிருந்து ஷீட்டுகளின் ஓரத்தில் கறுப்பாக எண்ணெய்க் கறை படிந்தது. காலையில் ஒரு புள்ளிகூட இராது. பத்து மணிக்கு மேல்தான் எல்லாம்.

"பொம்பளைங்க கை சுத்தமில்ல," என்றார் மிசின்களைப் பழுதுபார்க்கும் பிட்டர் கார்த்திகேசு. பிரிக்பீல்ட்ஸ் ரயில் பட்டறையில் ஆறு மாதம் விளக்குத் துடைத்தவர். பேச்சைக் கேட்டால் ரயிலைக் கண்டுபிடித்தவரே அவர்தான். தோட்டத்துக் கணக்குப்பிள்ளையான நாகையா கிராணி அதை அப்படியே நம்பினார். நாற்காலியை விட்டு எழுந்து வந்து பார்ப்பதைவிட நம்புவது அவருக்குச் சுலபம். பெண்கள் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினார்கள். கறையும் நிற்கவில்லை, திட்டும் நிற்கவில்லை.

மாரியாயிக்குக் காரணம் தெரியும். பூசத்துக்கு முந்தின நாள்தான் கார்த்திகேசு உருளையின் அச்சை அரத்தால் நீளவாக்கில் கீறியிருந்தார். "வழவழன்னு இருந்தா எண்ணெய் வழுக்கிடும். சொரசொரன்னு இருந்தாத்தான் ஒட்டும்," என்று உபதேசம் வேறு. அச்சு குளிர்ந்திருக்கும்வரை எண்ணெய் கெட்டியாகக் கிடந்தது. சூடேறியதும் இளகி, கீறல் வழியே ஓடி, உருளைக்கு வந்து ஷீட்டில் இறங்கியது. அச்சு காய்ந்து கிறீச்சிட்டால் அந்த மேதாவி இன்னும் ஒரு குவளை ஊற்றுவார்.

"நாளையிலேர்ந்து நீ புல்லு வெட்டப் போ," என்றார் கிராணி ஒருநாள்.

"போறேன் ஐயா. அதுக்கு முன்னாடி புகைவீட்டு அடுப்பு வரைக்கும் வாங்க. பிட்டர் அண்ணனையும் கூட்டிட்டு வாங்க."

ஷீட்டுகளைப் புகையில் உலர்த்தும் அந்த வீட்டு அடுப்பு மேடையில் இரண்டு இரும்புத் தகடுகளை வைத்தாள். ஒன்று பளபளப்பானது. மற்றதை அதே அரத்தால் அவளே கீறியிருந்தாள். இரண்டிலும் மிசின் எண்ணெயில் ஒவ்வொரு சொட்டு விட்டாள். முதலில் இரண்டும் முத்துப்போல் உட்கார்ந்திருந்தன. தகடு சுட்டதும் பளபளப்பில் இருந்த சொட்டு வட்டமாகப் படர்ந்து நின்றது. கீறலில் இருந்தது நூல் நூலாக ஓடி, விளிம்பைத் தாண்டி, கிராணியின் வெள்ளை வேட்டியில் சொட்டியது.

"சூட்டுல எண்ணெய் ஓடத்தான் செய்யும். இது யாருக்குத் தெரியாது?" என்றார் கார்த்திகேசு.

"தெரிஞ்சா ஏண்ணே கீறினீங்க?"

அவர் கூரையைப் பார்த்தார். கிராணி வேட்டியைப் பார்த்தார். புல்வெட்டைப் பற்றி அதற்குப்பின் யாரும் பேசவில்லை.

இரண்டு நாள் உப்புத்தாளால் அச்சைத் தேய்த்து வழவழப்பாக்கினார்கள். கறை நின்றது. சனிக்கிழமை வந்த துரையிடம், தானும் பிட்டரும் யோசித்துக் கண்டுபிடித்ததாகக் கிராணி சொன்னார். துரை பிட்டரின் கையைக் குலுக்கினார்.

"போய்ச் சொல்லேன்டி!" என்று பக்கத்தில் நின்ற இராஜம்மா பொருமினாள்.

"யாருகிட்ட? அந்தக் கையைக் குலுக்கின ஆளுகிட்டயா?" என்றபடி மாரியாயி அடுத்த ஷீட்டை எடுத்தாள்.

மறுமாதம் ஸ்டோரில் இருந்த இரண்டாவது மிசினும் கிறீச்சிட்டது. கார்த்திகேசு அதன் அச்சைக் கழற்றித் தேய்த்து, துணியில் சுற்றி, யாரும் பார்க்காத நேரமாக அவளிடம் கொண்டுவந்தார்.

"மாரியாயி, வழவழப்பு போதுமா பாரு."

விரலால் ஒருமுறை தடவினாள். கண்ணாடிபோல் இருந்தது.

"இன்னும் தேய்ங்க அண்ணே," என்றாள்.

சாயங்காலம் வரை தேய்த்தார்.