கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணி

நான் எட்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். அந்த மொழியிலேயே எனக்குப் பிடிக்காத சொல் ஒன்று உண்டென்றால் அது ‘அட்ஜஸ்ட்’. கல்யாணத்தன்று மோதிரம் இறுக்குகிறது என்றேன். அட்ஜஸ்ட் பண்ணிக்கோ என்றார்கள். விழுப்புரத்தில் ஒற்றை அறை வீடு, மூன்று குடித்தனத்துக்குச் சேர்த்து ஒரே குளியலறை. அதற்கும் இதே உபதேசம்தான். ஆண்களிடம் யாராவது இதைச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? நான் பஸ்ஸில் மட்டும்தான் கேட்டிருக்கிறேன்.

பஸ்ஸில் அதைச் சொல்கிறவர் என் வீட்டுக்காரர். பெயர் அன்புச்செல்வன். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் ஓடும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆளைத் திணிக்க நாள் முழுக்க அந்தச் சொல்லைக் கத்துவார். ஒருமுறை தூக்கத்திலும் சொன்னார். நான் சுவரோரமாக நகர்ந்து படுத்துக்கொண்டேன்.

என் அம்மா ஜெசிந்தா ஓமந்தூரில் தனியாக இருந்தாள். மழையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். மாவுக்கட்டோடு, ஒற்றைக் கையால் சோறு வடிக்கிறாள் என்று பக்கத்து வீட்டு கெங்கம்மாள் போனில் சொன்னாள். அம்மாவை நம்மோடு வைத்துக்கொள்ளலாமா என்று அன்புவிடம் கேட்டேன். கட்டுப் பிரிக்கும்வரை இல்லை, கடைசிவரைக்கும்.

அவர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். சுற்றிப் பார்க்க அங்கே என்ன வாழ்கிறது?

“இருக்கறது ஒரு ரூமு, செல்வி. அங்கயே கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கினு இருக்கச் சொல்லேன்.”

எனக்கு வந்ததே கோபம். போனில் அகராதியைத் திறந்தேன். ஒரு சொல்லைத் திட்டுவதற்கு முன்னால் அதன் பூர்வீகத்தைப் பார்ப்பது என் தொழில் புத்தி.

“கேட்டுக்குங்க. இது லத்தீன்லேர்ந்து பிரெஞ்சு வழியா வந்த வார்த்த. ‘பக்கத்துல’ன்ற வார்த்தையிலேர்ந்து பொறந்தது. மொதல்ல இதுக்கு அர்த்தமே கிட்ட கொண்டாந்து சேக்கறது. அப்பறம் வந்தவங்க ‘நியாயம்’ன்ற வார்த்தையிலேர்ந்து வந்ததுன்னு தப்பா நெனச்சிக்கினாங்க. இதுக்கும் நியாயத்துக்கும் சம்பந்தமில்லன்னு எனக்கு எப்பவோ தெரியும்! கிட்ட சேக்கற வார்த்தைய வெச்சிக்கினு எங்கம்மாவ தூரமா நிக்க வெக்கறீங்களே?”

அவர் ரசம் ஊற்றிச் சாப்பிட்டு முடித்தார். “அப்டியா” என்று மட்டும் சொல்லிவிட்டு டூட்டிக்குக் கிளம்பினார். சுவரிடம் பாடம் நடத்தியிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரக் கடைசியில் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது பீரோ அடுப்பங்கரைக்குள் போயிருந்தது. அது இருந்த இடத்தில் ஒரு புதுக் கட்டில் கிடந்தது.

“அத்தைய போயி இட்டுனு வா. நம்ம வண்டிலயே வந்துடுங்க” என்றார், என் முகத்தைப் பார்க்காமல். அவரை அடிக்கவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது.

அம்மாவைக் கிளப்புவது பீரோவை நகர்த்துவதைவிடப் பெரிய வேலை.

“மருமவன் வூட்ல குந்திக்கினு சோறு துன்னா ஊரு இன்னா சொல்லும்? கட்டுப் பிரிக்கற வரிக்கும்தான். அப்பறம் ஒரு நாளுகூட இருக்க மாட்டேன்” என்றாள். இரண்டே புடவைதான் எடுத்துக்கொண்டாள்.

திண்டிவனத்தில் அன்புவின் பஸ்ஸில் ஏறினோம். நான் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அம்மா சீட்டின் வெளி நுனியில் பாதி உடம்பை மட்டும் வைத்துக்கொண்டாள். எங்களுக்கு நடுவில் ஓர் ஆள் இடம் காலியாக இருந்தது. ஆயுள் முழுக்க அடுத்தவர் நிலத்தில் மல்லாட்டைச் செடி பிடுங்கியவள் அவள். எங்கேயும் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

விக்கிரவாண்டியில் கூட்டம் நெட்டித் தள்ளிக்கொண்டு ஏறியது.

“கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணி உக்காருங்க!” பின்னாலிருந்து அன்புவின் குரல் வந்தது.

அம்மா சட்டென்று எழுந்துவிட்டாள். நல்ல கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஏறியவர்களிடம் “குந்துங்க, குந்துங்க” என்றாள்.

அன்பு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். “அத்தே, எதுக்கு எந்திரிச்சீங்க?”

“நீங்கதான தம்பி அட்ஜஸ்ட் பண்ணச் சொன்னீங்க.”

நாள் முழுக்கக் கத்தும் மனிதர், டிக்கெட் கட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு அம்மா பக்கம் குனிந்தார்.

“எந்திரிச்சிப் போறது இல்ல அத்தே அது” என்றார் மெதுவாக. “கிட்ட வர்றது. உங்க பொண்ணுதான் சொல்லிக் குடுத்துது. அவகிட்ட நவுந்து உக்காருங்க. இன்னும் கொஞ்சம்... இன்னும்.”

அம்மா உட்கார்ந்து உள்ளே நகர்ந்தாள். அவள் தோள் என் தோளில் வந்து இடித்தது. காலியான நுனியில் வேறொரு பெண் உட்கார்ந்தாள். அன்பு அடுத்த டிக்கெட்டுக்குப் போய்விட்டார்.

விழுப்புரம் நெருங்கியது. அம்மா என் காதோரமாகக் கேட்டாள்: “கட்டுப் பிரிச்சப்பறமும் இருக்கட்டுமாடி?”

“இரும்மா” என்றேன். அழுகை வந்துவிட்டது.