பச்சையாகவே உதிர்ந்த இலைகள்

காலையில் கதவைத் திறந்ததும் சூர்யகலா முதலில் தரையைத்தான் பார்த்தாள். நாற்பத்தொரு இலைகள். நேற்று இருபத்தாறு. குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். ஒன்றிலும் மஞ்சள் இல்லை, கருகல் இல்லை, பூச்சி கடித்த ஓட்டை இல்லை. அத்தனையும் பச்சை. வியாதி வந்து போனால் மனசு ஒருவாறு ஆறும். நன்றாக இருக்கும்போதே எழுந்து போகிறவர்களை என்ன செய்வது?

மரஅடுக்கில் வெள்ளை விளக்குகளின் கீழ் பதினெட்டுக் கன்றுகள் நின்றன. பாதிக்கு மேல் வெறும் குச்சி.

இந்தப் பதினெட்டுக்கும் உலகத்தில் வேறு சொந்தம் கிடையாது. ஜவ்வாது மலையில் ஓர் ஓடைக்கரையில் நின்ற ஒற்றை மரத்தின் பிள்ளைகள் இவை. ஆராய்ச்சிப் படிப்புக்காக ஐந்து வருஷம் மலை ஏறி இறங்கிய சூர்யகலாதான் அந்த மரத்தை முதலில் கண்டவள். இன்னும் யாரும் பெயர் வைக்காத மரம். அதே மாதிரி இரண்டாவது ஒன்றை அவள் தேடாத இடமில்லை; கிடைக்கவில்லை. போன ஆடிக் காற்றில் அது வேரோடு சாய்ந்துவிட்டது. அதற்கு முன்னால் அவள் பொறுக்கி வந்திருந்த விதைகளில் முளைத்தவை இவ்வளவுதான். இவையும் போனால் அந்த மரம் பூமியில் இல்லை. பட்டமெல்லாம் அதற்கப்புறம்தான்.

வேலூரில் அவள் பாடம் நடத்துகிற கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் கூரை ஒழுக ஆரம்பித்ததும் கன்றுகளை ஆரணிக்கு, தன் வீட்டுக்கே கொண்டுவந்தாள். முன்னறையில் அவள் கணவன் கமலக்கண்ணனின் பட்டுத்தறி. நடுவில் சமையல். பின்னறை செடிகளுக்கு. அதன் ஒரே ஜன்னலைப் பூச்சியும் சாரலும் வராதபடி பாலிதீன் தாள் வைத்து, நாலு பக்கமும் டேப் ஒட்டி மூடினாள். விளக்கு எரிய, அணைய டைமர். கடைசியாகக் கணவனுக்கு ஒரு கட்டளை.

"நான் இல்லாதப்ப நீங்க இந்த ரூம்புக்குள்ள காலே வெக்கக்கூடாது. சொல்லிட்டேன்."

"தாயே, நான் ஏன் வரப்போறேன்? எனக்குத் தறியே போதும்" என்றான் அவன்.

இது நடந்து பதினாறு நாள் ஆகிறது. கார்த்திகை மழை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. வந்த மூன்றாம் நாளே இலை உதிரக் கண்டு அவள் சோறு தொடாமல் அழுதுவிட்டுப் படுத்தாள். அவளுக்கு வழிகாட்டியான பேராசிரியை ஸ்வர்ணலதா போனில், "இடம் மாறினா நாலு இலை விழத்தான் செய்யும், சூர்யா. ஒண்ணும் பண்ணாதே. பேசாம விடு" என்று சொன்னார். பேசாமல் விடுவதாவது! அது யாரால் முடிகிறது? பெற்றவளுக்கு முடியுமா, வளர்த்தவளுக்கு முடியுமா?

அவள் விளக்கை உயர்த்தினாள். அது போதவில்லை என்று தாழ்த்தினாள். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு இலையின் அடிப்பக்கமெல்லாம் பேன் பார்க்கிற மாதிரி பார்த்தாள். பூச்சி இல்லை. இல்லாத பூச்சிக்கு வேப்பெண்ணெய் தெளித்தாள். குழாய்த் தண்ணீரில் உப்பு என்று கேன் தண்ணீர் வாங்கினாள். பிறகு தண்ணீர்தான் அதிகம், வேர் மூச்சு முட்டுகிறது என்று தீர்மானித்து, ஒன்பது நாளாகச் சொட்டுக்கூட ஊற்றவில்லை. செடி வளர்ப்போரின் வாட்ஸப் குழு ஒன்று இருக்கிறது. அதில் நூற்றுப்பத்து டாக்டர்கள். படத்தைப் போட்டதும் ஒருவர் வெயில் பத்தவில்லை என்றார், ஒருவர் வெயில் அதிகம் என்றார், ஓர் அம்மாள் கண்திருஷ்டி என்று எழுதிக் கும்பிடு போட்டார். தாவரவியலில் எம்.எஸ்ஸி. படித்தவள் நேற்று சாயங்காலம் ஓர் எலுமிச்சம்பழத்தை நறுக்கிக் குங்குமம் தடவிப் பின்னறை வாசற்படியில் வைத்தாள். சிரிக்காதீர்கள். உங்கள் கண்முன்னால் ஒன்று தேய்ந்துகொண்டே போனால் நீங்களும் வைப்பீர்கள்.

பொறுக்கிய இலைகளை ஒரு கவரில் போட்டு, நோட்டில் நாற்பத்தொன்று என்று குறித்துவிட்டுக் கல்லூரிக்கு பஸ் ஏறினாள். மழை வலுத்ததால் பதினோரு மணிக்கே விடுமுறை விட்டார்கள். வராந்தாவில் நின்றபடி ஸ்வர்ணலதா மேடத்தைக் கூப்பிட்டாள். குரல் உடைந்துதான் வந்தது.

"மேடம், இனிமே எனக்குத் தெரியலை. எல்லாத்தையும் பண்ணிப் பாத்துட்டேன்."

"அழாதே. நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு. இலை பழுக்காமலே விழுதா?"

"ஆமா மேடம். விரல் பட்டாலே விழுது."

"விழறதுக்கு முன்னாடி காம்பு கீழ்ப்பக்கமா வளையுதா?"

சூர்யகலா கண்ணை மூடி நினைத்துப் பார்த்தாள். வளைந்துதான் இருந்தது. தண்ணீர் அதிகமானதால் என்று அவளே காரணமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஆமா மேடம்."

"வீட்டுல வாழைத்தார் எதுனா பழுக்க வெச்சிருக்கீங்களா? இல்லேன்னா புகை? மண்டியில தாருக்குப் புகை போட்டுப் பழுக்க வெக்கறாங்க இல்ல, காயைப் பழுக்க வெக்கிற அதே வாயுதான் இலையையும் காம்போட கழட்டி வுடும். கண்ணுக்குத் தெரியாது. மூடின ரூம்ல துளியூண்டு போதும்."

"இல்லையே மேடம். அந்த ரூமுக்குள்ள யாரும் போறதே இல்ல."

சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். கண்ணமங்கலம் தாண்டும்போதுதான் ஒன்று உறைத்தது. சாயங்காலம் பின்னறைக்குள் நுழைந்தால் தினமும் அவளுக்குத் தலை வலிக்கிறது. மழைக்காலத்தில் தறியில் நீளவாக்கில் கட்டிய பட்டு நூல், பாவு, ஈரம் குடித்துத் தொய்ந்துபோகும்; நெசவாளிகள் தறிக்கு அடியில் கணப்புச் சட்டியில் கரி மூட்டி வைத்து அதைக் காயவைப்பார்கள். கமலக்கண்ணனும் வைக்கிறான். ஆனால் அது முன்னறை. தெருக்கதவு திறந்தே கிடக்கிற இடம். அங்கிருந்து இவ்வளவு தூரம் வருமா? வரும் என்று தோன்றியது. வராது என்றும் தோன்றியது. பஸ் ஊர்ந்த லட்சணத்துக்கு இறங்கி ஓடினால்கூட முன்னால் போய்ச் சேர்ந்துவிடலாம் போலிருந்தது.

வீட்டுக்குள் நுழைந்தபோது தறியில் ஆள் இல்லை. தறிக்கடியில் கணப்புச் சட்டியும் இல்லை. பின்னறைக் கதவு ஒருக்களித்திருந்தது.

கமலக்கண்ணன் அடுக்கின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். அடுக்குக்குக் கீழே ஒன்றல்ல, இரண்டு சட்டிகள். கரி கனன்றுகொண்டிருந்தது. அவன் அட்டையால் விசிறியபடி, "வுழாம இருங்கம்மா, ஒரு ரெண்டு நாளு வுழாம இருங்க" என்று கன்றுகளிடம் பேசிக்கொண்டிருந்தான்.

"இன்னாங்க பண்றீங்க?"

அவன் திடுக்கிட்டு எழுந்தான். பிடிபட்டவன் சிரிப்புச் சிரித்தான். "நீ இன்னா இவ்ளோ ஜல்தியா வந்துட்டே?"

"இது எத்தினி நாளா?"

"நீ சோறு துண்ணாம அழுதுகினு படுத்தியே, அதுக்கு மறுநாள்லேர்ந்து. ஈரம்தான் சூர்யா, வேற ஒண்ணுமில்ல. பாவு நமுத்துப்போனா எப்டித் தொய்யுது? இதுவும் அப்டித்தான் தொய்ஞ்சி தொய்ஞ்சி வுழுது. அப்பவும் நிக்கலியேன்னு நேத்துலேர்ந்து ரெண்டு சட்டியா வெச்சிகினு இருக்கேன். நீ வர்றதுக்குள்ள எடுத்துடுவேன்."

"என்னாண்ட ஒரு வார்த்த கேட்டிருக்கக்கூடாதா?"

"கேட்டா வுட்டிருப்பியா நீ? காலே வெக்காதேன்னு சொன்னவளாச்சே. நீ பேஜார் பட்டுகினு இருக்கச் சொல்ல நான் சும்மா பாத்துகினு இருக்கறதா?"

"கொன்னுட்டீங்க" என்று அவள் கத்தினாள். தெருவுக்கே கேட்டிருக்கும். "இந்தப் புகைதாங்க இலையைக் கொட்டுது. மூடின ரூம்ல கரியை மூட்டி வெச்சிட்டு, அதுகிட்டயே வுழாதேன்னு சொல்றீங்களே. எல்லாத்தையும் நீங்கதான் கொன்னுட்டீங்க."

அவன் முகத்தில் சிரிப்பு இருந்த இடம் தெரியவில்லை. "நானா?" என்றான். குனிந்து, துணிகூட வைக்காமல் ஒரு சட்டியைக் கையால் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போனான். மழையில் கரி சீறி அணைவது கேட்டது. திரும்பி வந்து அடுத்ததை எடுத்தான். விரல்கள் சுட்டிருக்கும். அவன் காட்டிக்கொள்ளவில்லை.

அவள் ஜன்னல் தாளை நகத்தால் கிழித்து எறிந்தாள். ஈரக்காற்று உள்ளே வந்தது. மேசையில் இருந்த நோட்டின் பக்கங்கள் அதில் படபடத்தன. எடுத்துப் பார்த்தாள். முதல் நாள் நான்கு. இரண்டாம் நாள் ஆறு. அவள் அழுத மூன்றாம் நாள் ஐந்து. நான்காம் நாள் காலை ஒன்று.

ஒன்றே ஒன்று. கன்றுகள் அன்றைக்கே தேறத் தொடங்கியிருந்தன. மேடம்தான் சொன்னாரே, பேசாமல் விடு என்று. இந்த வீட்டில் யாருமே எதுவுமே செய்யாமல் இருந்திருந்தால் அவை பிழைத்திருக்கும். அவன் அன்று மத்தியானம்தான் முதல் சட்டியை வைத்திருக்கிறான்.

இலை போனதனால் மட்டும் செடி சாவதில்லை. தண்டுக்குள் ஈரம் இருந்தால் மறுபடி துளிர்க்கும். சூர்யகலா முதல் கன்றின் தண்டைக் கட்டைவிரல் நகத்தால் லேசாகச் சுரண்டினாள். தோலுக்குக் கீழே பழுப்பு. இரண்டாவதும் பழுப்பு. மூன்றாவது சுரண்டுவதற்குள் முறிந்தது. தொட்டி மண்ணில் விரலை விட்டாள். புழுதியாக இருந்தது. கீழே கரியின் சூடு, மேலே விளக்கின் சூடு, வேருக்கு ஒன்பது நாளாகத் தண்ணீர் இல்லை. இலையைக் கொட்டியது அவன் வைத்த சட்டி. அதற்குப் பிறகும் உயிரோடு இருந்ததை உலர்த்திக் கொன்றது யார்? அவள்தான். எம்.எஸ்ஸி. படித்த இந்தக் கைதான். சற்றுமுன் அவனைப் பார்த்துக் கத்திய சொல் அவளுக்கும்தான்.

ஒவ்வொன்றாகச் சுரண்டிக்கொண்டே போனாள். பத்து, பதினொன்று, பன்னிரண்டு. பதினேழாவதும் பழுப்பு. பதினெட்டாவதன் மேல் நகத்தை வைத்தவள் எடுத்துவிட்டாள். விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். அப்புறம் சுரண்டினாள்.

தோலுக்குக் கீழே நூலிழை அகலத்துக்குப் பச்சை தெரிந்தது.

ஓடிப்போய்த் தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வேரடியில் சொட்டுச் சொட்டாக விட்டாள். மண் உறிஞ்சியது. கதவுப் பக்கம் திரும்பினாள். கமலக்கண்ணன் வாசற்படிக்கு அந்தண்டை, நேற்று வைத்த எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்தில், சிவந்த விரல்களைப் பின்னால் மறைத்தபடி நின்றான்.

"ஒண்ணு இருக்குதுங்க" என்றாள். "உள்ள வந்து பாருங்க."

அவன் மாட்டேன் என்று தலையை ஆட்டினான்.

"நீங்க மட்டும் இல்லீங்க. நானும்தான். தண்ணியே ஊத்தாம நான்தான் காயப்போட்டேன். வாங்க."

"வேணாம் சூர்யா" என்றான். "நான் இங்கியே நின்னுக்கறேன்."

அன்று முதல் அந்த வீட்டில் கணப்பு மூட்டவில்லை. பாவு ஈரத்தில் தொய்ந்து, மழை விடும்வரை தறி சும்மா கிடந்தது. தை மாதம் அந்த ஒற்றைக் குச்சியில் முதல் துளிர் வந்தபோதும் சூர்யகலா அவனைக் கூப்பிட்டாள். அவன் வந்தான். வாசற்படிவரை வந்து, கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு, மூச்சுக்காற்றுகூட உள்ளே போகாதபடி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றான்.