கெட்டுப்போக மறுத்த கேக்

கேக்கைக் கெடுத்துவிடுவது என்று அவள் முடிவு செய்தபோது காலை பத்து மணி. கெடுத்துப் பழக்கமில்லாதவள். பன்னிரண்டு வருடம் எக்ஸ்ரே அறையில் நின்று, "மூச்சைப் பிடிங்க, அசையாதீங்க" என்று சொல்லி, ஒரே தடவையில் சரியாகப் படம் எடுத்த கை. அந்தக் கைதான் இப்போது அவளுக்கே வினையாக வந்து நின்றது.

குழந்தைக்காக வேலையை விட்டு மூன்று வருடம் வீட்டில் இருந்தபோது, பொழுது போகாமல் சீஸ்கேக் செய்யக் கற்றுக்கொண்டாள். சாப்பிட்டவர்கள் ஆகா ஓகோ என்றார்கள். கணவன் ஒரு படி மேலே போய், வீட்டிலேயே கேக் கடை போடலாம் என்று கிளம்பிவிட்டான். பழைய மருத்துவமனையோ திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல்லி, இன்று மாலைக்குள் பதில் கேட்டிருந்தது. போகிறேன் என்று அவனிடம் நான்கு தடவை சொல்லிவிட்டாள். அவன் கெட்டவன் இல்லை, கேட்டுக்கொண்டே சிரிக்கிற ரகம். கெட்டவனாக இருந்தால் சண்டையாவது போடலாம்.

"சரி, உனக்கும் வேணாம் எனக்கும் வேணாம்," என்றான் நேற்று. "நாளைக்கு மாப்பிள்ளை வர்றாரு. அவர் சாப்பிட்டுட்டு நல்லா இருக்குன்னா கடை. இல்லேன்னா நீ உன் ஆஸ்பத்திரிக்குப் போ."

மாப்பிள்ளை என்றால் அவன் தங்கையின் கணவர். தன் கல்யாணச் சாப்பாட்டிலேயே உப்பு போதவில்லை என்று எழுந்துபோய்ச் சமையல்காரரிடம் சொல்லிவிட்டு வந்த புண்ணியவான். முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவரை ‘நொட்டை’ என்றுதான் சொல்வார்கள். நல்ல கேக்கையே குறை சொல்கிறவர், கெட்ட கேக்கை விடுவாரா?

ஆனாலும் அவள் எதையும் அதிர்ஷ்டத்திடம் விடவில்லை. அடியில் போடும் பிஸ்கட் தூளைப் போடவில்லை. கேக் டின்னுக்கு அளவாக வெட்ட வேண்டிய காகிதத்தைக் கசக்கி அப்படியே திணித்தாள். கலவையைக் கெடுக்கத்தான் மனம் வரவில்லை. முட்டையை ஒவ்வொன்றாக உடைத்து, கட்டியில்லாமல்தான் கலந்தாள். அந்தக் குற்றத்தை ஈடுகட்ட, டின்னைச் சுடுநீர்த் தட்டில் வைக்காமல் நேராக ஓவனில் தள்ளி, சூட்டைக் கடைசிவரை திருகிவிட்டாள்.

அரை மணி நேரத்தில் மேலே கன்னங்கரேல் என்று ஆகிவிட்டது. நடுவில் இன்னும் தளதளவென்று ஆடியது. அப்படியே எடுத்து வைத்தாள். ஆற ஆற நடு குழிந்தது. கருகல் வாசனைக்குக் கணவன் எட்டிப் பார்த்தான்.

"என்னம்மா, கருகிடுச்சா?"

"ஆமா. கவனிக்கல."

அவன் முகம் வாடிவிட்டது. "பரவால்ல விடு," என்றான். அவளுக்குக் கொஞ்சம் பாவமாகவும் நிறைய நிம்மதியாகவும் இருந்தது. உள்ளே போய் பீரோவிலிருந்து வெள்ளைக் கோட்டை எடுத்து இஸ்திரி போட்டாள். மூன்று வருடத்தில் அவள் வாய்க்குள் பாட்டு முணுமுணுத்தது அன்றுதான்.

மதியச் சாப்பாடு முடிந்து மாப்பிள்ளை முன் துண்டு வைக்கப்பட்டது. ஒரு வாய் வைத்தார். கண்ணை மூடினார். இன்னொரு வாய்.

"அக்கா, இதை எங்க கத்துக்கிட்டீங்க?"

"ஏன், ரொம்ப மோசமா?"

"மோசமா? இது பாஸ்க் சீஸ்கேக்னு ஒரு வெளிநாட்டு வகை அக்கா! மேல கருகணும், நடுவுல குழையணும், அடியில பிஸ்கட் கூடாது. காகிதம்கூட இப்படித்தான் கசங்கி நிக்கணும். கம்பெனி வேலையா வெளிநாடு போனப்ப நாலு கடையில சாப்பிட்டேன். ஒருத்தனுக்கும் இந்தப் பக்குவம் வரல. குறை சொல்ல ஒண்ணுமே இல்ல."

கணவன் துள்ளி எழுந்தான். "பாத்தீங்களா மாப்ள, கருகிடுச்சுன்னு என்னையே ஏமாத்திட்டா!"

"இல்லங்க, நிஜமாவே கருகினதுதான். நான் வேணும்னேதான் கெடுத்தேன்."

"தன்னடக்கத்தைப் பாருங்க!" என்றார் மாப்பிள்ளை. வீடே சிரித்தது. மாப்பிள்ளையோடு வந்திருந்த நாத்தனார் மட்டும் சிரிக்கவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவள் முகத்தையே பார்த்தாள்.

"அண்ணி, கடை போடறதுல உங்களுக்குச் சம்மதமா? நீங்க சொல்லுங்க."

சிரிப்பு நின்றது. எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். இப்படி ஒருவரும் அவளைக் கேட்டதில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு வாயைத் திறந்தாள்.

"இரு இரு, செஞ்சவ இன்னும் ஒரு வாய்கூட சாப்பிடல," என்று கணவன் ஒரு பெரிய துண்டை ஆசையாக அவள் வாயில் ஊட்டினான். எல்லோரும் கை தட்டினார்கள்.

நாக்கில் மேல்கசப்பும் உள்இனிப்பும் சேர்ந்து கரைந்தன. அவள் ஆயுளில் இவ்வளவு நல்ல கேக்கைச் செய்ததில்லை. அதை நினைத்தபோதுதான் கண்ணில் நீர் வந்தது. மாப்பிள்ளை அதையும் சந்தோஷக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

அதை மென்று விழுங்கி வாய் காலியானபோது கணவன் பக்கத்தில் இல்லை. பால்கனியில் போனைக் காதில் வைத்துக்கொண்டு, "அவங்க வேலைக்கு வரலைங்க," என்று மிகவும் மரியாதையாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.