கட்டிலும் மெத்தையும்

யார் கையால் செய்ததோ, அது அவருக்கு. விவாகரத்து வழக்கில் இரண்டு வக்கீல்களும் சண்டையில்லாமல் ஒத்துக்கொண்ட ஒரே விதி அதுதான். அவன் தச்சன், அவள் தையல்காரி. அதனால் சோபாவின் சட்டம் வேனில் ஏறியது, அதன் திண்டுகள் கூடத்தில் அநாதையாகக் கிடந்தன. ஜன்னல் திரைகள் அவளுக்கு, அவை தொங்கிய கம்புகள் அவனுக்கு.

"அண்ணி, பாப்பாவ ரெண்டு பேரும்தானே செஞ்சீங்க. அவள எப்படிப் பிரிப்பீங்க?" என்றான் கொழுந்தன், கம்பைத் தோளில் சாய்த்தபடி.

"உங்கண்ணன் பையில பாரு. அதுக்கும் ஒரு ரம்பம் இருக்கும்."

அன்று மதியம் குழந்தை நல அதிகாரி வருவதாக இருந்தது. முதலில் இந்த வீடு, பிறகு அவன் வாடகைக்குப் பிடித்திருக்கும் வீடு. ஆறு வயது மகள் யாரிடம் வளர்வாள் என்பது அந்த அம்மாள் எழுதப்போகும் அறிக்கையில்தான் இருந்தது.

அவன் ஸ்க்ரூடிரைவரோடு மகளின் அறைக்குள் நுழைந்தான்.

"அதத் தொடாத." வக்கீல் நோட்டீஸ் வந்த நாளிலிருந்து அவள் அவனை 'நீங்க' என்பதில்லை.

"நான் இழைச்ச கட்டில்."

"அவ எங்க படுப்பா?"

"என் வீட்ல. கட்டில் இருக்கிற வீட்ல."

"தாராளமாத் தூக்கிட்டுப் போ. மெத்தை நான் தைச்சது. வெறும் பலகையக் காட்டு, அதிகாரியம்மா உனக்கு மாலை போடுவாங்க."

"தரையில மெத்தைய விரிச்சு எலிக்கு விருந்து வைக்கிறவளுக்குப் போடுவாங்களாக்கும்!"

மெத்தையை அவள் சுருட்டி இழுத்தாள். அவன் கட்டிலின் கால்களைக் கழற்றினான். நான்காவது கால் கையோடு வரும்போது அழைப்புமணி அடித்தது. அதிகாரி சீக்கிரமே வந்துவிட்டார்.

சுவரில் சாய்த்திருந்த கட்டில் கால்களைப் பார்த்தார். சுருட்டிய மெத்தைமேல் உட்கார்ந்திருந்த சிறுமியைப் பார்த்தார்.

"கண்ணு, ராத்திரி எங்க தூங்கின?"

"இங்கதான். அப்ப கட்டில் இருந்துச்சு."

"இன்னிக்கு?"

"தெரியல. ஸ்கூல்ல தூங்க விடுவாங்களா?"

அதிகாரி பேனாவை மூடினார். "கட்டில் ஒரு வீட்டுக்கு, மெத்தை ஒரு வீட்டுக்குன்னா, ரெண்டு வீட்லயும் குழந்தைக்குப் படுக்க இடமில்லன்னுதான் நான் எழுதணும். அப்படி எழுதினா, தீர்ப்பு வர்றவரைக்கும் காப்பகத்துக்கு அனுப்பச் சொல்லி உத்தரவு வரலாம்."

அவன் மண்டியிட்டு ஒரு காலை எடுத்துப் பொருத்தத் தொடங்கினான்.

"என்ன பண்ற?"

"கண்ணு தெரியலையா? அந்தப் பக்கத்தத் தூக்கு."

"இவ்வளவு நேரம் அந்தக் குதி குதிச்ச..."

"தூக்குன்னேன்ல!"

தூக்கினாள். கட்டில் இங்கே நின்றால் அறிக்கை யார் பக்கம் போகும் என்று இருவருக்குமே தெரியும். கொழுந்தன் ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாக நீட்டினான்.

"ஆடுது," என்றாள்.

"தரை கோணல். உன் புத்தி மாதிரி."

அவள் மெத்தையை விரித்தாள். மகள் ஏறிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"கட்டில் இங்க நின்னாச்சு, இனி அந்த வீட்டப் பாக்க வேண்டாம். குழந்தை இங்கேயே இருக்கட்டும்னு எழுதறேன்," என்றார் அதிகாரி. "வாரத்துல ஒரு நாள் அப்பாகிட்ட. ஞாயித்துக்கிழமை சரியா?"

"சனிக்கிழமையும் வேணும்."

"ஞாயிறே ஜாஸ்தி," என்றாள் அவள்.

"சனிக்கிழமை சாயங்காலமே வந்து நிப்பேன்."

"வா. வாசல்லயே நில்லு."

அவன் பையை மூடிக்கொண்டு, கட்டில் பக்கம் திரும்பாமலே வெளியேறினான். திரும்பினால் அவனால் போக முடியாது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும், ஒரு நிமிஷம் இரு என்று அவள் சொல்லவில்லை.