எரியாத அறை

டயாலிசிஸுக்கு இனி வரமாட்டேன் என்று அவர் அடம்பிடிக்கத் தொடங்கிய சமயத்தில்தான் மனைவி அந்த நாவலை வாங்கினாள். நிறுத்தினால் உடம்பு அதிக நாள் தாங்காது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். நாவலைப் பற்றியோ பார்க்கும் இடமெல்லாம் பேச்சு. 'கடைசி அத்தியாயம் உங்களை உலுக்கி எடுக்கும்' என்று அட்டையிலேயே அச்சடித்திருந்தார்கள். எரிந்துபோன ஓர் அறை, அதற்குள் இறந்துகிடக்கும் கணவன், எதையும் நினைவுகூர முடியாத மனநல மருத்துவரான மனைவி. தீ என்றால் அவர் காதைத் தீட்டிக்கொள்வார் என்று அவளுக்குத் தெரியும். காப்பீட்டு நிறுவனத்துக்காகத் தீ விபத்துகளை ஆய்வு செய்தே தலை நரைத்தவர்.

அவள் போட்ட கணக்கு தப்பவில்லை. இயந்திரம் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் நேரம் முழுக்க அவள் உரக்க வாசித்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு குறுக்கு விசாரணை செய்தார்.

"நில்லு. ஜன்னல் கண்ணாடி உள்ளே விழுந்துச்சா, வெளியேவா? மறுபடி வாசி."

அடுத்த கட்டிலில் ஒரு தையல்காரர். "அக்கா, கொஞ்சம் சத்தமா! எனக்கென்னவோ அந்தப் பொம்பளை மேலதான் சந்தேகம்."

"உமக்கு எல்லாப் பொம்பளை மேலயும் சந்தேகம்," என்றார் இவர். "தோட்டக்காரன்யா. அவன் வர்ற வரைக்கும் மண்ணெண்ணெய் வாடையே இல்லை."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவள் மறந்தே போயிருந்தாள்.

"இந்தக் கதை முடியட்டும், அப்புறம் எல்லாத்தையும் நிறுத்திக்கலாம்," என்று ஒருநாள் வீட்டில் சொன்னார்.

"முடிவு தூக்கிவாரிப் போடுமாம். அதே ஆள் எழுதினது இன்னொண்ணு இருக்குங்க. அதையும் கேக்கணும்னு நீங்களே சொல்லுவீங்க பாருங்க." படிக்காமலேயே, அட்டையை நம்பி வாக்குக் கொடுத்துவிட்டாள்.

அன்று மாலை அடுப்படியில் நின்றபடியே கடைசி அத்தியாயத்தைப் புரட்டினாள். தீயே பிடிக்கவில்லையாம். அறையும் இல்லை, கணவனும் இல்லை. எல்லாம் அந்த மருத்துவரின் பிரமை. தோட்டக்காரனுக்கும் மண்ணெண்ணெய்க்கும் ஒரு வரி பதில்கூட இல்லை. அடுப்பை அணைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தாள்.

மறுமுறை ஆஸ்பத்திரியில் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு வேறொரு முடிவைச் சொன்னாள். தோட்டக்காரன் அழுதுகொண்டே குற்றத்தை ஒப்புக்கொண்டான். தையல்காரர் கைதட்டப் போய், ஊசி குத்திய கை என்பது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டார். "பெரியவரே, ஜெயிச்சுட்டீங்க!"

அவர் கண்ணைத் திறந்தார். "இவ்வளவு நேரமா வாசிக்கிற. பக்கமே புரட்டலையே?"

அவள் அவசரமாக ஒரு பக்கத்தைப் புரட்டினாள்.

"பொய் வாக்குமூலம் கேட்டுக் கேட்டுப் பழகின காதும்மா இது. புத்தகத்துல இருக்கிறதை வாசி."

வாசித்தாள். தீயே பிடிக்கவில்லை என்ற வரியையும் விடவில்லை.

"அட போங்கக்கா! இதுக்கா இவ்வளவு அலப்பறை?" என்றார் தையல்காரர்.

இவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்திருக்கும். "அப்போ அந்தக் கண்ணாடி?" என்று கேட்டார். "சும்மா எழுதியிருக்கான்," என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வண்டி வந்து நின்றபோது அவர் பனியனோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"சட்டையைப் போடுங்க. வேற புத்தகம் எடுத்து வச்சிருக்கேன்."

"வேண்டாம்மா. நீ சொன்ன முடிவு நல்லா இருந்துச்சு. அவன் அழுதான் பாரு, அது நல்லா இருந்துச்சு." அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். "போதும்."

கெஞ்சிப் பார்த்தாள். அழுதும் பார்த்தாள். அவர் தட்டிக்கொடுப்பதை நிறுத்தவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. வெளியே ஹாரன் மறுபடி ஒலித்தது. அவள்தான் வாசலுக்குப் போனாள்.

"ஐயா ரெடியாக்கா?" என்றார் டிரைவர்.

"இன்னைக்கு வரலைப்பா."

"சரிக்கா. அப்போ அடுத்த முறைக்கு வந்துடறேன்."

வா என்று சொல்ல அவளால் முடியவில்லை. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டிரைவர் சற்று நேரம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.