முப்பத்தொரு கிரெயின்

காவேரியிலிருந்து கம்பி வழியாக மின்சாரம் வந்த இரண்டாம் வருஷம், எங்கள் தங்கச் சுரங்கத்து ஷாப்டின் என்ஜின் வீட்டில் ஒரு புது டயல் மாட்டினார்கள். ஆட்களைக் குழிக்குள் இறக்கும் கேஜ் கூண்டு அளவுக்கு மீறி வேகமெடுத்தால் டயலின் முள் ஒரு குமிழைத் தொடும், மணி அடிக்கும், என்ஜின் டிரைவர் பிரேக் போடுவான். முள்ளைப் பிடித்து வைத்திருந்தது தலைமயிர் போன்ற ஒரு ஸ்ப்ரிங். ஒரு நாள் அது அறுந்தது. மாற்றும் வேலை, அங்கே பிட்டராக இயந்திரங்களைப் பழுதுபார்த்துவந்த என் கணவர் எட்மண்டுக்கு வந்தது.

முள்ளைக் குமிழ்வரை திருப்ப இரண்டு கிராம்-சென்டிமீட்டர் முறுக்கு வேண்டும் என்று டயலோடு வந்த தாளில் இருந்தது. அதாவது முள்ளின் அச்சில் ஒரு சென்டிமீட்டர் நீளக் கையை மாட்டி, நுனியில் இரண்டு கிராம் தொங்கவிட்டால் முள் குமிழைத் தொட வேண்டும். அவர் மேஜையில் கிராமும் இல்லை, சென்டிமீட்டரும் இல்லை. ஓர் அங்குலக் கை இருந்தது. தங்கம் சோதிக்கும் ஆபீசிலிருந்து வாங்கிவந்த கிரெயின் எடைகள் இருந்தன. தாளை வீட்டுக்கு எடுத்துவந்தார். தசமப் புள்ளியைக் கண்டால் அவருக்குக் கை ஓடாது. எனக்கு ஓடும். என் அப்பா பர்னபாஸ் அந்த ஆபீசில் தங்க மணிகளை நிறுத்தவர். ஒரு கிராமுக்குப் பதினைந்தே சொச்சம் கிரெயின் என்பது மிஷன் பள்ளிக்குப் போகும் முன்பே எனக்கு மனப்பாடம். இரண்டு கிராமுக்கு முப்பது புள்ளி எட்டு ஆறு. அடுப்பில் சோறு பொங்கிக்கொண்டிருந்தது. முப்பத்தொரு கிரெயின் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன்.

மறுநாள் மதியம் சாப்பிட வந்தவர் கேட்டார்.

"இன்னா லூயிசா, தாளோட ஒரு ஸ்ப்ரிங்கும் வந்துது. அது பன்னண்டு கிரெயினுக்கே திரும்பிடுது. உன் கணக்கு சரிதானா?"

"தங்கம் நிறுத்தவரு பொண்ணுகிட்டயா எடைக்கணக்கு கேக்கறீங்க?"

"அதுக்கில்லடி."

"சீமையில எவனாவது பொட்டியில மாத்திப் போட்டிருப்பான். சோறு ஆறுது."

"சரி, துரைசானி சொன்னா சரி" என்று சிரித்தார். முப்பத்தொரு கிரெயினுக்குத் திரும்புகிற தடித்த ஸ்ப்ரிங் ஒன்றைப் பழைய பெட்டியில் தேடி எடுத்து மாட்டினார்.

எட்டாம் நாள் காலை ஷிப்டில், கீழே ஒரு கம்பியைப் பார்க்க அவரும் கேஜில் இறங்கினார். கேஜ் ஷாப்டின் அடியில் போய் மோதியது. அவரோடு மூன்று பேர்.

மணி அடிக்கவில்லை என்று டிரைவர் காத்தவராயன் சொன்னான். துரைகள் முள்ளை விரலால் தள்ளிப் பார்த்தார்கள். மணி நன்றாகவே அடித்தது. அவன் தூங்கிவிட்டான் என்று முடிவு கட்டினார்கள். அவனைத் திங்கட்கிழமை கோலார் கோர்ட்டுக்கு அனுப்புவதாக இருந்தது.

அடக்கம் முடிந்த பின் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. லைன் வீடுகளுக்கு நடுவே நடந்தேன். குழாயடி வரை போய், குடம் எடுக்காமல் வந்தது தெரிந்து திரும்பினேன். படுத்தால் கால் தானாக அசைந்தது. காத்தவராயன் எதிரே வந்தால் வேறு சந்தில் நுழைந்துகொள்வேன். என் புருஷனைக் கொன்றவன் என்றுதான் நானும் நினைத்தேன். அவன் மனைவி பாப்பம்மா ஒரு நாள் கதவோரம் வந்து நின்றாள்.

"அவரு தூங்கலக்கா. புது ஸ்ப்ரிங் போட்டதுலேந்து முள்ளு சோம்பேறியா கீதுன்னு சொல்லிகினே இருந்தாரு. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க."

"நான் இன்னாத்த சொல்றது? நான் அங்க இருந்தனா?"

அவள் போனாள். சோம்பேறி முள் மட்டும் போகவில்லை.

சனிக்கிழமை புளி வாங்கச் சந்தைக்குப் போனேன். எனக்கு முன்னால் நின்றவள் தூக்குக்கோல் பிடித்தவனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"குண்ட மாத்திட்ட நீ."

"குண்டு அதேதாம்மா. தள்ளி வச்சேன், அவ்ளோதான். தூரம் போனா அதே குண்டு ஜாஸ்தி தூக்கும்."

நான் புளி வாங்கவில்லை. பாதி வழி ஓடினேன். வீட்டுக்கு வந்து சிலேட்டுப் பலகையில் எழுதிப் பார்த்தேன். எடையை மாற்றியிருந்தேன், கையின் நீளத்தை மாற்றவில்லை. ஓர் அங்குலம் இரண்டரைச் சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். முப்பது புள்ளி எட்டு ஆறை அதால் வகுத்திருக்க வேண்டும். வகுத்தேன். பன்னிரண்டே சொச்சம் வந்தது. தங்கம் நிறுக்கும் வீட்டில் எடை மட்டும்தான் பேச்சு. அது எவ்வளவு தூரத்தில் தொங்குகிறது என்று யாரும் கேட்டதில்லை.

எட்மண்டின் கருவிப் பெட்டியிலிருந்து சீட்டையும், தாளோடு வந்த, உறை பிரித்த சின்ன ஸ்ப்ரிங்கையும் எடுத்துக்கொண்டு அப்போதே சுரங்க ஆபீசுக்குப் போனேன். கிளார்க் சாம்ராஜ் நான் சொன்னதைத் துரைக்கு இங்கிலீஷில் சொன்னான். துரை நம்பவில்லை, ஆனாலும் டயலைக் கொண்டுவரச் சொன்னார். அங்குலக் கையில் பன்னிரண்டு கிரெயினைத் தொங்கவிட்டார்கள். முள் பாதி வழிகூடப் போகவில்லை. சின்ன ஸ்ப்ரிங்கை மாட்டினார்கள். முள் நேராகப் போய்க் குமிழைத் தொட்டது. அந்த மணியை அன்றுதான் நான் கேட்டேன்.

"சீட்டு யாரு எழுதனது?" என்றான் சாம்ராஜ்.

"நான்தான். கணக்கும் நான் போட்டதுதான்."

அவன் துரையிடம் ஏதோ சொன்னான். துரை என்னை ஒரு முறை பார்த்துவிட்டு முடியாது என்று தலையாட்டினார்.

"அக்கா, பொம்பள கணக்குப் போட்டு ஷாப்ட் டயல மாட்டனோம்னு இந்த ரிப்போர்ட்டுல எழுத முடியாதாம். காத்தவராயன விட்டுடறாங்க. உங்களுக்கு அதான வேணும்?"

"எழுதுங்க, தம்பி. என் பேர எழுதுங்க."

எழுதினான். மிஷன் பள்ளி இங்கிலீஷ் பேசப் பற்றாது, படிக்கப் போதும்; தலைகீழாகவே படித்தேன். பிட்டர் எட்மண்ட் கணக்கில் செய்த பிழை என்று இருந்தது. துரை கையெழுத்துப் போட்டார். சீட்டைக் காகிதத்தோடு சேர்த்துக் குத்தினார்கள்.

சாயங்காலம் காத்தவராயனும் பாப்பம்மாவும் வீட்டுக்கு வந்தார்கள். அவன் என் காலில் விழக் குனிந்தான். நான் அவர்களைத் தாண்டி வெளியே வந்து, இருட்டும்வரை நடந்தேன்.

காத்தவராயன் தூங்கவில்லை. எட்மண்ட் கணக்கில் பிழை செய்யவில்லை. சரிதானா என்று ஒரு முறை கேட்டார். நான் சோறு ஆறுகிறது என்றேன். அந்தக் காகிதத்தில் இல்லாததால் இங்கே எழுதுகிறேன்.