பொட்டு வைக்காத ராட்செட்

கண்ணாடிப் பெட்டியின் மேல், போல்ட் திருகுகிற மூன்று ராட்செட்டுகளை வரிசையாக எடுத்து வைத்தார் கலீலுல்லா. மாரிக்கண்ணன் ஆகப் பெரியதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அதன் கைப்பிடி முழங்கை நீளம் இருந்தது. நடுவில் இருந்ததை எடுத்து உள்ளங்கையில் கிடத்தி விரல்களை மடக்கினான். கைப்பிடி வெளியே துருத்திக்கொண்டு நின்றது. வைத்துவிட்டான். மூன்றாவது, மடக்கிய கைக்குள் முழுசாக ஒளிந்துகொண்டது.

“எடம் எவ்ளோ இருக்கு?”

“நாலு விரக்கடை.”

“கைப்பிடிய ஆட்டுததுக்கா, மொத்தமேவா?”

“மொத்தமே அவ்ளோதான் பாய். மெஷினுக்கும் செவுத்துக்கும் நடுவுல.”

கலீலுல்லா உதட்டைப் பிதுக்கினார். தொண்ணூறடி ரோட்டில் கடை போடுவதற்கு முன்னால் அவரும் ஃபிட்டராக இருந்தவர்தான். ஒரு சாமான் விற்பதற்குள் அது போய் வேலை செய்யப்போகிற இடத்தை மனசுக்குள் கட்டி முடித்துவிடுவார். மாரிக்கு அவரிடம் பிடித்ததும் அதுதான், இன்றைக்குப் பயமாக இருந்ததும் அதுதான்.

“அப்ப சின்னதுதான். ஆனா பல்லப் பாரும்வே.” ஒன்றை எடுத்துக் காதருகே வைத்துத் திருகினார். டக், டக் என்று பெரிய சத்தம். “இதுக்குப் பல்லு கம்மி. தாராளமா ஆட்டுனாத்தான் அடுத்த பல்லுல விழும். நாலு விரக்கடைல எங்க போயி ஆட்ட? செவுத்துல முட்டிக்கிட்டு நிக்கும்.” கீழே குனிந்து இன்னொரு டப்பாவைத் திறந்தார். “இது பொடிப்பல்லு. நகத்தளவு அசைச்சாப் போதும், புடிச்சிக்கிடும்.”

மாரி வாங்கித் திருகிப் பார்த்தான். யாரோ வாயை மூடிக்கொண்டு பொரியை மெல்லுகிற மாதிரிச் சத்தம்.

“சத்தமும் கம்மி.”

“சத்தத்துக்கு என்னவே இப்ப? திருடவா போறீரு?”

மாரி சிரித்தான். சிரிப்பு கொஞ்சம் தாமதித்து வந்தது அவனுக்கே தெரிந்தது.

“சரி, பூட்டவா, கழட்டவா?”

“ரெண்டுக்குந்தான்.”

“ரெண்டுக்கும்னு ஒரு வேல கெடையாதுவே. கைப்பிடி குட்டையானா ஜோர் கொறையும். பூட்டுததுக்கு இது போதும். கழட்டுததுன்னா, எவனாவது இழுத்துப் பூட்டிருந்தான்னு வையும், இது நவுத்தாது. வெரல்தான் பேந்துபோவும்.”

“பூட்டுனது நாந்தான் பாய்.”

“அப்ப உமக்கே தெரியும்.” அவர் டப்பாவை மூடவில்லை. “நீர் பூட்டுனத நீரே எதுக்குவே கழட்டணும்?”

பக்கத்துக் கடையில் ஆணி கேட்டு யாரோ இந்தியில் கத்திக்கொண்டிருந்தார்கள். மாரி சாக்கெட் டப்பாவைக் கிளறி, பதிமூன்றாம் நம்பரை எடுத்து ராட்செட்டின் வாயில் மாட்டினான். பொருந்தியது.

“நாளைக்குப் பூசை. புதுச் சாமான் ஒண்ணு வைக்கணும்லா?”

அந்த வாரம் அவர் கடைக்கு வந்த தமிழாட்கள் எல்லாரும் சொன்ன வார்த்தைதான். கலீலுல்லா அதற்குமேல் கேட்கவில்லை.

மாரி சொன்னது தலைகீழ்ப் பொய். பூசையில் வைக்காமல் இருப்பதற்காகத்தான் அதை வாங்கினான்.

தேரா காம்பவுண்டில் பிளாஸ்டிக் அரைக்கிற ஷெட்டுகளுக்கு அவன்தான் ஃபிட்டர். நயினார் அண்ணாச்சியின் ஷெட்டில் அவன் தம்பி தமிழ்செல்வன் கிரைண்டர் ஓட்டினான். மூடியைத் திறந்தால் மெஷின் தானாக நிற்க வேண்டும். அதற்கென்று ஒரு சுவிட்ச் உண்டு. அடிக்கடி நின்றால் வேலை ஓடாது என்று நயினார் ஆள் வைத்து அந்தச் சுவிட்சை ஒயரால் கட்டிப்போட்டார். மழைக்கு முந்தி ஒருநாள் உடைந்த பக்கெட் ஒன்று உள்ளே சிக்கிக்கொண்டது. தம்பி மூடியைத் திறந்து கையை விட்டான். மெஷின் நிற்கவில்லை. வலது கை மணிக்கட்டோடு போயிற்று.

கை மட்டும் போயிருந்தால் மாரி அழுது தீர்த்திருப்பான். அந்தக் காம்பவுண்டில் விரல் எண்ணிக்கை சரியாக இருக்கிற ஆள் குறைவு. ஆனால் நயினார் ஆஸ்பத்திரி வாசலில் நின்று போலீசிடமும் ஊர்ச் சங்கத்து ஆட்களிடமும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்: “பய தண்ணியப் போட்டுட்டு வந்துட்டான்.” கல்யாண வீட்டில் பாக்கு போட்டாலே தலை சுற்றி உட்கார்ந்துவிடுகிற பையன் அவன். ஒயர் மறுநாளே காணாமல் போயிருந்தது. வாக்கியம் நிலைத்துவிட்டது. தம்பிக்கு நிச்சயம் பண்ணியிருந்த விஜயராணி வீட்டார் தாம்பூலத்தட்டைத் திருப்பி அனுப்பினார்கள். “குடிகாரனுக்கு, அதுவும் கையில்லாதவனுக்கு எப்படிக் குடுக்க?” என்று கேட்டார்கள். குடிகாரன் என்பதை முதலில் சொன்னார்கள். மாரிக்கு அது மறக்கவில்லை. தம்பி கோபர்கைரனேயில் அக்கா பேராச்சி வீட்டில் போய் முடங்கிக்கொண்டான்.

மாரி நயினார் ஷெட்டுக்குப் போவதை நிறுத்தவில்லை. அண்ணாச்சி என்று கூப்பிடுவதையும் நிறுத்தவில்லை. பொறுமைசாலி என்று ஊர் சொன்னது. அவன் ஆயுத பூசைக்குக் காத்திருந்தான்.

வருடம் பூராவும் மெஷினை ஓட்டாத நயினார், விஜயதசமியன்று காலையில் மட்டும் தன் கையால் பச்சைப் பட்டனை அமுக்கி, முதல் கூடை பிளாஸ்டிக்கைத் தானே கொட்டுவார். அவர் ஓட்டி முடிக்கும்வரை வேறு யாரும் மெஷினைத் தொடக்கூடாது. முந்தின நாள் பூசையில் ஃபிட்டரின் சாமான்கள் முழுவதும் மெஷின் முன்னால் வரிசையாகப் படுத்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் சந்தனப் பொட்டு. முதல் ஓட்டம் வரை எதையும் எடுக்கக்கூடாது. ஒரு ஸ்பேனர் இடம் மாறினாலும் தெரியும். பொட்டு வைக்காத சாமான் ஒன்று வேண்டியிருந்தது.

பூசையன்று காலை மெஷினைப் பிரித்துக் கழுவி மாரிதான் பூட்டினான். மெஷின் தம்பியின் கையை வாங்கியதிலிருந்து நயினாருக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. நீளக் கைப்பிடி போட்ட ஸ்பேனரால் ஒவ்வொரு போல்ட்டையும் இழுத்துப் பார்ப்பார். பின்பக்க பிளேடின் இரண்டு போல்ட்டுகளுக்கும் மாரி மரையெல்லாம் கிரீஸ் தடவியிருந்தான். நயினார் எக்கி நின்று மேலிருந்து ஸ்பேனரை விட்டு இழுத்தார். அசையவில்லை.

“நல்லா டைட்டா இருக்குடே.”

“ஆமா அண்ணாச்சி.”

பூசை முடிந்து எல்லாரும் சந்தில் பந்தி உட்கார்ந்தபோது, விளக்கு அணையாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று மாரி உள்ளே தங்கினான். சுவர் அந்த இடத்தில் பூசாத வெறும் செங்கல். கையை நுழைத்ததும் முட்டித் தோல் உரிந்தது. கண் போகாத இடம். விரலால் போல்ட்டின் தலையைத் தடவிக் கண்டுபிடித்து, சாக்கெட்டை மாட்டி, உள்ளங்கையால் ஒரு தள்ளு. கிரீஸ் இளகிக்கொடுத்தது. பிறகு நகத்தளவு, நகத்தளவு. வெளியே “மாரிக்கு எலை போடு” என்று யாரோ சொல்வது கேட்டது. போல்ட்டை முழுதும் கழற்றவில்லை. ஓடத் தொடங்கினால் அதிர்வே மீதியைப் பார்த்துக்கொள்ளும். அசையாமல் நிற்கிற அந்தப் பின்பக்க பிளேடு நகர்ந்து, சுற்றுகிற பிளேடில் மோதும். தேவ்நாரில் ஒரு ஷெட்டில் அப்படி மோதி, எஃகுத் துண்டு கூடை கொட்டுகிற வாய் வழியாகப் பறந்து தகரக் கூரையைப் பிளந்துகொண்டு போனதை அவன் பார்த்திருக்கிறான்.

நயினார் சாக வேண்டும் என்று அவன் நினைக்கவில்லை. சாகக் கூடாது என்றும் நினைக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நின்று சொல்ல வேண்டியதைப் பல நாள் வாய்க்குள் சொல்லிப் பழகியிருந்தான். “மொதலாளி தண்ணியப் போட்டுட்டு வந்துட்டாரு.”

மறுநாள் காலையில் சங்கத்து ஆட்கள் வெள்ளை வேட்டியில் வந்தார்கள். நயினார் நெற்றி நிறையச் சந்தனத்தோடு வாசலைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஒரு ஆட்டோ வந்து நின்றது. இறங்கியது தமிழ்செல்வன். புதுச் சட்டை. அதன் வலது கை பொத்தான் போடாமல் தொங்கியது.

“ஏல தமிழு, உள்ள வாடே.” நயினார் எல்லாருக்கும் கேட்கிற மாதிரிப் பேசினார். “இந்த வருசம் மொத ஓட்டம் நீதான் ஓட்டுத. நாந்தான் வரச் சொன்னேன். குடி யாரத்தான் கெடுக்கல? வயசுப் பய. நான் மனசுல வச்சிக்கிடல, மன்னிச்சிட்டேன்.”

கூட்டம் “அதான் பெரிய மனுசன்” என்றது. தம்பி மெஷினைப் பார்த்து நடந்தான். இடது கையை நீட்டிக்கொண்டே நடந்தான். பச்சைப் பட்டனுக்கு ஒரு முழம் இருக்கும்போது மாரி பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தான்.

“வேண்டாம்ல.”

“ஏம்ண்ணே?”

மாரி பிடியை இறுக்கினான். தம்பி அவன் முகத்தைப் பார்த்தான். பிறகு தன் மணிக்கட்டைப் பிடித்திருந்த அண்ணன் கையைப் பார்த்தான். முட்டியெல்லாம் தோல் உரிந்து, செங்கல் தூள் ஒட்டிக் கருத்திருந்தது. அந்த மெஷினோடு கிடந்தவன் தம்பி. அந்தச் சிராய்ப்பு உலகத்திலேயே ஒரு சுவரில்தான் கிடைக்கும் என்று அவனுக்குத் தெரியும். பிறகு மெதுவாகக் கையை உருவிக்கொண்டு நயினாரிடம் திரும்பினான். இத்தனை மாதத்தில் அப்படி ஒரு தெளிவான குரலை மாரி அவனிடம் கேட்டதில்லை.

“அண்ணாச்சி, எனக்கு இருக்கது எடது கை மட்டுந்தான். நல்ல காரியத்த எடது கையால தொடங்குனா வெளங்குமா? நீங்களே ஓட்டுங்க. எப்பவும் போல.”

நயினாருக்குக் கண் கலங்கிவிட்டது. “பாத்தியளா, பயலுக்கு இருக்க மரியாதைய” என்று துண்டால் மூக்கைத் துடைத்தார். செருப்பைக் கழற்றினார். மெஷினைத் தொட்டுக் கும்பிட்டார். தமிழ்செல்வன் அண்ணனின் சட்டையைப் பிடித்து ஓரடி பின்னால் இழுத்தான். இன்னும் ஓரடி.

“கூட கனமா இருக்கு. ஒரு ஆளு அந்தக் காதப் புடிங்க” என்றார் நயினார்.

“மை பக்கட்தா ஹூம் சேட்.” தான் பிடிப்பதாகச் சொல்லிக்கொண்டே பைசான் ஓடி வந்தான். தம்பிக்குப் பிறகு அந்த மெஷினுக்கு வந்தவன். ஊரில் மனைவிக்கு இது பேறுகால மாசம் என்று முந்தின நாள் பந்தியில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவன். அவன் கை கூடையில் படுவதற்குள் மாரி தம்பியின் பிடியை உதறிவிட்டுப் போய் அவன் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான்.

“ஹட் ரே. தள்ளி நில்லு. தூரமாப் போ.”

“அண்ணே!” என்றான் தமிழ்செல்வன். அது கூப்பிட்ட மாதிரி இல்லை, அலறின மாதிரி இருந்தது.

மாரி திரும்பவில்லை. கூடையின் காதைப் பிடித்துத் தூக்கி, மெஷினின் வாய் விளிம்பில் சாய்த்தான். கூடைக்கு அந்தப்பக்கம் நயினாரின் முகம் மிகக் கிட்டத்தில் இருந்தது. சந்தனம் வியர்வையில் கரைந்து மூக்கோரம் இறங்கிக்கொண்டிருந்தது. இருவர் மூச்சும் ஒரே இடத்தில் முட்டின. “நல்லபடியா இருக்கணும்டே எல்லாரும்” என்று நயினார் கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கையால் பச்சைப் பட்டனைத் தடவித் தேடினார். மாரி கண்ணை மூடவில்லை.